பஞ்சுக்கை

தெருவில் எல்லோரும் அதை நாயாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். வாசலில் தொங்கிய பெரிய போர்டில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருந்தது. அதை முழுசாகப் படித்தவர்கள் எழுதிய பெயிண்டரும் எழுதச் சொன்ன மாமாவும்தான். கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. டாக்டர், அவளுடைய கூடப்பிறந்த அக்கா. கவுண்டர், டெலிபோன், நிர்வாகம், அட்வைஸ் எல்லாம் அக்காவின் வீட்டுக்காரர், மாமா. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பதினொரு வருஷமாக நாயைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்.

பிடிப்பது என்றால் சும்மா பிடிப்பதல்ல. கடிக்க வரும் நாயைக்கூட அவள் தொட்டால் அடங்கிவிடும். இடது உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் கொடுப்பாள். வலது கட்டைவிரலைப் புருவங்களுக்கு நடுவில் வைத்து மேல்நோக்கி மெதுவாக நீவுவாள். மூன்று நீவலுக்குள் நாய் கண்ணைச் சொருகும், பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அக்கா அதற்குள் முன்னங்காலில் நரம்பைப் பார்த்து ஊசியை ஏற்றிவிடுவாள். வருகிறவர்கள் வைத்த பெயர்தான் பஞ்சுக்கை. நாளடைவில் மாமாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

அந்தக் கையால் வந்த வினைதான் இதெல்லாம். தடுப்பூசிக்கு யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். புண்ணுக்கு மருந்து வைக்க, நகம் வெட்ட, காது கழுவ, யாருடைய கையும் போதும். ஆனால் கடைசி ஊசி என்று ஒன்று இருக்கிறது. இனிமேல் முடியாது என்று ஆன ஜீவனை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசி. அதற்கு மட்டும், "பஞ்சுக்கையைக் கூப்பிடுங்க" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் டைரியில் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் மாமா பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். மற்ற வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தால் மனசு சங்கடப்படக் கூடாதாம். வட்டம் என்றால் அவள். வாரத்துக்கு மூன்று வட்டம், சில வாரம் ஐந்து.

ஒரு வட்டம் முடிந்ததும் பின்கதவு வழியாக அழுதுகொண்டு ஒரு குடும்பம் போகும். மேஜையை மருந்து போட்டுத் துடைத்து ஈரம் காய்வதற்குள் முன்கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொரு குடும்பம் வரும். கையில் நாற்பது நாள் குட்டி இருக்கும், கழுத்தில் ரிப்பன் இருக்கும். "அய்யோ, யாரு இது, எங்க செல்லமா!" என்று அவள் சிரித்தாக வேண்டும். சிரித்தாள். பதினொரு வருஷமாகச் சிரித்தாள்.

மற்றவர்கள் அவ்வளவு நாள் தாங்கவில்லை. ஒரே வருஷத்தில் நாலு பேர் போய்விட்டார்கள். ஒருத்தி கல்யாணம் என்று சொல்லிவிட்டுத் துணிக்கடையில் சேர்ந்தாள். ஒருவன் சாப்பிடப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். மாமாவுக்குப் பெரிய யோசனை வந்துவிட்டது. யாரையோ வரவழைத்து ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுக்கச் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார்கள். உள்ளே கூண்டில் ஒரு நாய் அந்த நேரம் பார்த்து வாந்தி எடுத்தது. அதைத் துடைக்க எழுந்து போனவளும் பஞ்சுக்கைதான்.

அதற்குப் பிறகு சுவரில் ஒரு பலகை வந்தது. 'இன்று உங்கள் மனம் எப்படி?' என்று மேலே எழுதி, கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். காலையில் வந்ததும் சிரிக்கிற முகமோ அழுகிற முகமோ ஒட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு பெண் அழுகிற முகத்தை ஒட்டினாள். மாமா அவளைத் தனியாக உட்காரவைத்து முக்கால் மணி நேரம் ஆறுதல் சொன்னார். அவளுடைய வேலையும் சேர்ந்து மற்றவர்கள் தலையில் விழுந்தது. மறுநாளிலிருந்து பலகை முழுக்கச் சிரிப்புதான். ஸ்டோர் ரூமில் 'ஓய்வு மூலை' என்று ஒரு மெத்து நாற்காலி வாங்கிப் போட்டார். பத்தே நாளில் அதன் மேல் நாய்த் தீனி மூட்டைகள் ஏறி உட்கார்ந்து ஓய்வெடுத்தன.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டே இருந்திருப்பாள். வேலையை விடும் எண்ணமே அவளுக்கு இருந்ததில்லை. நடந்தது வேறு.

அவளுக்கு ஒரு மகள், நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஊசி போடும் அறையின் கதவில் பாதிக்குக் கண்ணாடி. குழந்தை எழுதிக்கொண்டிருக்கிறது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மத்தியானம் முழுக்க ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தாள் அம்மா. மகள் தூக்கம் வராமல் புரண்டாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் யோசிக்காமல், இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து வலது கட்டைவிரலால் புருவத்துக்கு நடுவில் நீவினாள்.

மகள் விலுக்கென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அப்படித் தடவாதம்மா!"

"ஏன்டா குட்டி, தலை வலிக்குதா?"

"அப்படித் தடவினா அப்புறம் அத்தனையும் செத்துப்போயிடும்."

"அட பைத்தியம், உனக்கு வெறும் காய்ச்சல்தான்."

"அதுங்ககிட்டயும் நீ 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவ."

அன்றைக்கு மாத்திரை கொடுத்ததும் நெற்றியில் பற்றுப் போட்டதும் அப்பாதான். லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிற ஆள், உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருக்கும். அந்தக் கைக்கு மகள் ஒன்றும் சொல்லாமல் தூங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்து இவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையைத் தடவ அவளுக்கு வேறு விதம் தெரியவில்லை. எப்போதோ தெரிந்திருந்தது, மறந்துவிட்டது.

காய்ச்சல் விட்ட பிறகும் மகள் தலையைக் கொடுக்கவில்லை. ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த பெண், அப்பா ரப்பர் பேண்டில் இறுக்கிக் கட்டிவிடும் குதிரைவாலோடு பள்ளிக்கூடம் போனாள். சீப்பை எடுத்துக்கொண்டு அம்மா வந்தால், "அப்பா கட்டிட்டாரு" என்று நழுவினாள்.

"விட்டுரு அந்த வேலைய" என்றார் கணவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "என் சம்பளத்துல கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம். நீ சிரிச்சே ரொம்ப நாளாச்சு."

"தினமும் சிரிச்சுக்கிட்டுதானேங்க இருக்கேன்."

"அது அங்க. நான் இங்க சொல்றேன்."

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் சொன்னாள்: "குட்டி, அம்மா அந்த வேலைய விடப்போறேன். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து போகமாட்டேன். அப்போ எனக்குப் பின்னல் போட விடுவியா?"

மகள் யோசித்தாள். "அதுக்குள்ள உன் கை சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"சரி" என்று எழுந்து போய் காலண்டரில் ஒண்ணாந்தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். அன்றிலிருந்து தினமும் ஒரு நாளை அடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னபோது மாமா முதலில் சிரித்தார், அப்புறம் முகம் தொங்கிவிட்டது.

"என்னம்மா இது, குடும்ப ஆஸ்பத்திரி. நீயே போறேன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க? என்ன குறை வெச்சோம் உனக்கு? நேத்து வரைக்கும் போர்டுல சிரிக்கிற மூஞ்சிதானே ஒட்டின?"

"அழற மூஞ்சி ஒட்டினா முக்கால் மணி நேரம் உங்ககூட உட்காரணுமே மாமா."

அக்கா கையுறையை உருவிக் குப்பையில் போட்டாள். பிறகு, "ஒரு மாசம் இருந்து புது ஆளுக்குக் கத்துக்கொடுத்துட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். அக்காவின் கோபம் எப்போதுமே உப்புச் சப்பில்லாமல்தான் வெளியே வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கூடப்பிறந்தவளுக்குத் தெரியும்.

ஒரு மாசம்தானே என்று அவள் நினைத்தாள். அங்கேதான் எல்லோரும் ஏமாந்தார்கள்.

மாமா நல்லவர், அதுதான் தொந்தரவு. வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை என்று வாசலில் அச்சடித்து ஒட்டிவிட்டார். 'நம் அன்புக்குரிய பஞ்சுக்கை இம்மாத இறுதியோடு விடைபெறுகிறார்.' சுற்றிலும் பூ பார்டர் வேறு. மூன்றாம் நாளிலிருந்து டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது.

"பஞ்சுக்கை போறாங்களாமே? எங்க பூனைக்குப் பதினாறு வயசு. எப்படியும் இன்னும் கொஞ்ச நாள்தான். அவங்க கையில போயிட்டா நல்லாருக்குமேன்னு பார்த்தோம்."

"எங்க நாய்க்கு அந்தக் கட்டி திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாங்க. வந்தப்புறம் யாரு இருக்காங்களோ. இப்பவே முடிச்சுடலாம்னு."

மாமா டைரியைப் புரட்டினார். மூன்று வட்டம் ஆறாயிற்று, ஆறு பத்தாயிற்று. வயதான பிராணி வைத்திருந்தவர்கள் எல்லாம் கடை மூடுவதற்குள் வாங்கிவிடுவதுபோல ஓடி வந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அழுதார்கள், எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். ஒருவர் சால்வை போர்த்தினார். அதை மடித்து வைக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த வட்டத்துக்கு ஓடினாள்.

அந்த மாதிரி வந்தவர்களில் ஒரு டீச்சரம்மா. கொண்டுவந்த பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு. முதுகில் தோலைத் தூக்கிச் சலைன் ஏற்றி, தீனியை மாற்றினால் மூன்று மாசம், நாலு மாசம் நன்றாகவே ஓடும் என்று அக்கா சொன்னாள்.

"நாலு மாசம் கழிச்சு யாரு பிடிப்பாங்க டாக்டர்? போன தடவை வேற ஒரு பையன் பிடிச்சான், அது என்ன கத்து கத்திச்சு! வேண்டாம். இவங்க இருக்கும்போதே போகட்டும்."

அக்கா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு அது நாலாவது வட்டம், வாதாடத் தெம்பில்லை. பூனை மேஜை மேல் ஏறியதும் தானாகவே வந்து பஞ்சுக்கையின் மணிக்கட்டில் முகத்தைத் தேய்த்தது. மூன்று நீவல். அக்கா ஊசியை ஏற்றினாள். அதுவரைக்கும் குர்குர் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவள் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாவது தடவையும் கழுவினாள். வாசனை போனது, அந்தக் குர்குர் மட்டும் விரலில் இருந்தது.

அன்று மத்தியானம் டீ குடிக்கும்போது, "அக்கா, அந்தப் பூனை இருந்திருக்கும்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஊசி போட்ட?"

"பிடிச்சது யாரு? நீதானே? 'மாட்டேன்'னு கையை எடுத்திருக்க வேண்டியதுதானே?" அக்கா டீயைக் கீழே வைத்தாள். கை நடுங்கியதில் சாஸரில் டீ சிந்தியது. "என்னைப் பார்த்துக் கேக்கறியே, என் கையைப் பார்த்தியா? ஒரு வருஷமா இப்படித்தான். நீ பிடிச்சா மட்டும்தான் எனக்கு நரம்பு கிடைக்குது. உன் கட்டைவிரலைத்தான் நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். அதுங்களுக்காகத்தான் நீவறேன்னு நினைச்சியா? எனக்கும் சேர்த்துதான்டி நீவற."

"ஏன்க்கா சொல்லல இத்தனை நாளா?"

"எங்க சொல்றது? போர்டுலயா?"

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அக்காவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைப்பதற்குள் மாமா எட்டிப் பார்த்து, அடுத்தது ரெடி என்றார்.

புது ஆளாக ஒரு பெண்ணைப் பிடித்து வந்தார்கள். நல்ல பெண், கெட்டிக்காரி. அந்தப் பூனை போன அடுத்த வாரம் பஞ்சுக்கை அவளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கற்றுக்கொடுத்தாள். புதுப் பெண் ஒரே நாளில் மூன்று வட்டம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்று கேட்டாள். மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. டெலிபோனையும் எடுக்கவில்லை. பலகையில் அவளுடைய கட்டத்தில் சிரிக்கிற முகம் மட்டும் ஒட்டியபடியே இருந்தது.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது ஒரு பழைய போஸ்ட்மேன் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் காக்கிச் சட்டையை விடாதவர். ஊரில் இருக்கும் நாயெல்லாம் போஸ்ட்மேனைத் துரத்தும். ஒரு நாய் மட்டும் துரத்தி வந்து கூடவே தங்கிவிட்டது. அதற்குத் தபால் என்று பெயர் வைத்திருந்தார். தபாலுக்குப் பதிமூன்று வயசு. பின்னங்கால் இரண்டும் தொய்ந்து, நடந்தால் குடிகாரனைப்போல ஒரு பக்கமாகச் சாயும். வாசலில் அவளைக் கண்டதும் சாய்ந்துகொண்டே வந்து வாலால் நாற்காலிக் காலை அடித்தது.

டைரியில் வட்டம் போட்டிருந்தது.

"என்ன ஐயா, தபாலுக்கா கடைசி ஊசி?"

"ஆமாம்மா." அவர் தரையைப் பார்த்தார். "நீங்க போறீங்கன்னு எழுதியிருந்துச்சு."

"சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

"என்ன சாப்பிட்டுச்சு காலைல?"

"ரெண்டு பன்னு, ஒரு முட்டை. என் பன்னையும் பிடுங்கித் தின்னுடுச்சு."

"வெளிக்குப் போறது?"

"அதெல்லாம் நல்லாத்தான் போகுது. ராத்திரியில கொஞ்சம் முனகும். மாத்திரை போட்டா தூங்கிடும்."

"அப்புறம் எதுக்குய்யா இப்ப?"

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "எனக்கு வேற யாரும் இல்லம்மா. என் சம்சாரம் போனப்போ ஆஸ்பத்திரியில வயரும் டியூபுமா, கையைக் கட்டிப்போட்டிருந்தாங்க. அவளை ஒருத்தரும் தொட்டுப் பிடிக்கல. தபாலாவது யார் கையிலயாவது போகட்டும். இன்னும் ஆறு மாசம் அதை வெச்சுக்க எனக்கு ஆசை இல்லையா? இருக்கு. ஆனா அப்போ நீங்க இருக்கமாட்டீங்களே."

உள்ளே அக்கா மருந்தை ஏற்றி வைத்திருந்தாள். தபாலை மேஜை மேல் தூக்கி வைத்தார்கள். அது முட்டை வாசனை அடிக்கும் வாயால் அவள் விரலை நக்கியது. அவள் இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்தாள். வலது கட்டைவிரல் புருவத்துக்கு மேல் வந்து நின்றது. நீவவில்லை. மணிக்கட்டில் அந்தப் பூனை குர்குர் என்றது. அக்கா நிமிர்ந்து கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஐயா, இதைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"அம்மா..."

"ரெண்டு பன்னு திங்கற நாயை நான் பிடிக்கமாட்டேன். அதுக்கு எப்ப நேரம் வருதோ அப்பக் கூட்டிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திருப்பி வாங்க முடியாத வார்த்தை. அந்த மனுஷர் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். தபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. கிடைத்த காதை நக்கிவிட்டது. அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாமாவுக்கு விஷயம் எட்டக் கால் நிமிஷம் ஆகவில்லை. "எனக்குத் தெரியும்! இந்தக் கை நம்மளை விட்டுப் போகாதுன்னு எனக்குத் தெரியும்!" என்று வாசலுக்கு ஓடிப் பூ பார்டர் போட்ட நோட்டீஸை டர்ரென்று கிழித்தார். டைரியில் மிச்சமிருந்த வட்டங்களில் ஏழு பேர் அன்று மாலைக்குள் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம், பிறகு வருகிறோம் என்றார்கள். ஏழு ஜீவன் பிழைத்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஏழு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று என்பதும் அப்போதே புரிந்தது.

"இவ்வளவு நல்ல ஆளை வெச்சுக்கிட்டு நான் வகுப்பு, பலகைன்னு அலைஞ்சேனே" என்றார் மாமா. "மனசு இருந்தா போதும், ஆள் தங்கிடுவாங்க." அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் நாற்காலி போட்டு ஏறி அன்றைய தேதியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு நாள்தான்மா!"

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து தபாலின் கதையைச் சொன்னாள். இரண்டு பன்னையும் முட்டையையும் சொன்னாள். மகள் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நீ வேலையை விடலையா?"

"தபால் நல்லா இருக்குடா. அதைப் போய்..."

"தபால் இன்னும் எத்தனை நாள் இருக்கும்?"

"ஆறு மாசம் இருக்கலாம். ஒரு வருஷம்கூட."

மகள் காலண்டரைத் தூக்கிப் பின்னால் இருந்த தாள்களைப் பார்த்தாள். அவ்வளவு தாள் அதில் இல்லை.

"தபால் செத்ததுக்கு அப்புறம் எனக்குப் பின்னல் போடுவியா?"

கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். அவளுக்கு நாய் என்றால் உயிர். "சாகவேண்டாம், சாகவேண்டாம், சும்மா கேட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள். அப்பா ஓடிவந்து தூக்கிக்கொண்டார். அம்மா எழுந்து இரண்டு அடி வந்து நின்றுவிட்டாள். அந்தக் குழந்தையை எப்படித் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒண்ணாந்தேதி காலையில் மழை விட்டிருந்தது. வழக்கம்போல ஏழு மணிக்குக் கிளம்பியவள் உள்அறையை எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையைத் தலைக்குப் பின்னால் வளைத்து, தானே பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பின்னல் பெரிதாக, ஒரு பின்னல் எலிவால் மாதிரி. வகிடு நேராக இல்லை.

"அம்மா, நானே போட்டுக்கிட்டேன் பாரேன்" என்றாள். "இனிமே நீ வேலையை விடவேண்டாம்."

"அழகா இருக்குடா" என்றாள் அம்மா, ஆஸ்பத்திரிக் கோட்டின் பைக்குள்ளிருந்து கையை எடுக்காமல்.

அன்றைக்கு டைரியில் இரண்டு வட்டம் இருந்தது.